பொம்மையிடம் பழகிய கை நோயாளியிடம் நிற்குமா?

மார்ச் 3, மாலை 6.20 (கேள்வி)

வார்டு பொறுப்பில் இருக்கிறேன். இப்போது பயிற்சிக்கு வரும் நர்சிங் பிள்ளைகள் நேரத்தில் பாதியை சிமுலேஷன் லேபில் டம்மியோடு கழித்துவிட்டு வருகிறார்கள். கேட்டால் "லேபில் செய்திருக்கிறோம்" என்கிறார்கள். டம்மிக்கு வலிக்காது, வாந்தி எடுக்காது, அதன் சொந்தக்காரர்கள் சூழ்ந்து நின்று கேள்வி கேட்க மாட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என் கட்சி. லேப் ஆட்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லட்டும்.

மார்ச் 3, இரவு 9.45

லேப் ஆள் வந்தாயிற்று. வார்டில் 11 வருடம், லேபில் 8 வருடம். இரண்டு பக்கத்துத் திட்டும் எனக்குப் பழக்கம்.

முதலில் அந்தச் சுரைக்காய். தப்பான காயை எடுத்துவிட்டீர்கள். பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில் மாணவனின் கையைப் பழக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கீறிப் பழகப் பூசணி, சுரைக்காய், வெள்ளரி. துளைத்துப் பழகத் தண்ணீர் நிரப்பிய தோல்பை. ரத்தக்குழாயில் குத்திப் பழகச் செத்த விலங்கின் நாளம் அல்லது அல்லித் தண்டு. தையலுக்குத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட மனித உருவில் செய்த பொம்மை. எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் இப்படிப் பழகாதவன் வேலைக்கு ஆகமாட்டான் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஏட்டில் இருந்த சுரைக்காய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏடே என்னை மூடிவைத்துவிட்டு நிஜக் காயை அறு என்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில்: நிற்கும். சில சமயம் நிற்கக் கூடாத இடத்திலும் போய் நிற்கும், எனக்கு அதுதான் பயம். மிச்சம் நாளைக்கு.

மார்ச் 4, காலை 6.10

நிற்கக் கூடாத இடம் என்றேனே, அது ஓர் இடது கை.

எங்கள் லேபில் இருக்கும் பெரிய டம்மிக்கு இடது கையில்தான் பி.பி. பார்க்க முடியும். வலது கை டிரிப் போடுவதற்கு. அதில் தோலுக்கு அடியில் ரப்பர் குழாய் ஓடும், சரியாகக் குத்தினால் சிவப்புத் தண்ணீர் வரும். இப்படிக் கைக்கு ஒரு வேலை என்று பிரித்துச் செய்த டம்மிகள் நிறைய உண்டு. படிப்பு முடிவதற்குள் ஒரு பிள்ளை எத்தனையோ தடவை படுக்கையின் அந்தப் பக்கம் போய் நின்று அந்தக் கையைத் தூக்கியிருப்பாள்.

கெட்டிக்காரப் பெண் ஒருத்தி. வார்டில் அவளுக்கு ஒரு டயாலிசிஸ் நோயாளி, வயதானவர். இடது முன்கையில் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம், கயிறு போலப் புடைத்திருக்கும், கை வைத்தால் அதிரும். அந்தக் கையில் பி.பி. பட்டை கட்டக் கூடாது, ஊசி குத்தக் கூடாது என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் இவள். நான் கதவோரம் நிற்கிறேன். வணக்கம் சொன்னாள், பெயர் கேட்டாள், எல்லாம் ஒழுங்கு. பேசிக்கொண்டே இடப்பக்கம் நடந்தாள். பேசிக்கொண்டே சட்டைக் கையை மேலே தள்ளினாள். பேசிக்கொண்டே பட்டையைச் சுற்றினாள். கண் முழுக்க அவர் முகத்தில். முகத்தைப் பார்த்துப் பேசு என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம். பெரியவரே கையை இழுத்துக்கொண்டு, "இதுல வேண்டாம்மா, அந்தக் கையில பாரு" என்றார்.

காற்று ஏற்றவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அவள் அழுதாள். "மேடம், எனக்குத் தெரியும் மேடம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரியும்தான். தலைக்குத் தெரிந்தது ஒன்று, காலுக்குத் தெரிந்தது ஒன்று. கால் முந்திக்கொண்டது. அந்தக் காலுக்குப் பாடம் எடுத்தது என் லேப்.

மார்ச் 4, மதியம் 1.30

விமானக்காரர்கள் இதற்கு நெகடிவ் டிரெயினிங் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். சிமுலேட்டரில் கற்ற ஒன்று நிஜ விமானத்தில் எதிராகத் திரும்புவது.

2001 நவம்பர் 12, நியூயார்க்கில் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587. முன்னே போன பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் குலுங்கியது. துணை விமானி சுக்கான் மிதியை இடமும் வலமுமாக மாறி மாறி அழுத்தினார். செங்குத்து வால் பிய்ந்து போனது. தரையில் இருந்த 5 பேரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். விசாரணையில் அந்த நிறுவனத்தின் சிமுலேட்டர் பயிற்சி வெளியே வந்தது. காற்றுச் சுழல் பாடத்தில் விமானத்தை நிஜத்தில் நடப்பதைவிட மிக அதிகமாகப் புரட்டிவிட்டு, விமானியின் முதல் திருத்தம் சில கணம் பலிக்காதபடி வைத்திருந்தார்கள். கஷ்டமான நிலையிலிருந்து மீளப் பழகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். விமானி கற்றுக்கொண்டதோ, சுழல் என்றால் பயங்கரம், லேசாகத் தொட்டால் வேலைக்காகாது என்பதை. பயிற்சிதான் அந்த விமானத்தை விழவைத்தது.

மார்ச் 4, மதியம் 1.50

மேலே கடைசி வரி தப்பு, சாப்பாட்டு இடைவேளை அவசரத்தில் எழுதியது. விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது தேவையில்லாமல் அளவுமீறி அழுத்திய மிதியை. அந்த ரக விமானத்தின் சுக்கான் அமைப்பும் பயிற்சித் திட்டத்தின் சில பகுதிகளும் துணைக் காரணங்கள். என் கதைக்கு வசதியாக எல்லாவற்றையும் பயிற்சி தலையில் கட்டிவிட்டேன். வரியை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

மார்ச் 4, இரவு 11.05

இன்னொரு லேப் வியாதி. டம்மி முன்னால் நேரம் மிச்சம் பிடிக்க "கை கழுவினேன்", "கையுறை போட்டேன்" என்று வாயால் சொன்னால் போதும் என்று விட்டுவிடுவோம். விளைவு: வார்டில் ஒரு பையன் சோப்பைத் தொடாமல், கழுவுவது போல இரண்டு கையையும் காற்றில் தேய்த்துக் காட்டிவிட்டு நோயாளியை நோக்கி நடந்தான். கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் லேபில் தண்ணீர் செலவு அதிகம்.

மார்ச் 5, இரவு 8.30

"அப்படியானால் நான் சொன்னதுதானே சரி, லேபை மூடுங்கள்" என்று வார்டுக்காரர் குதிக்கிறார். இருங்கள்.

நான் படித்த காலத்தில் லேப் கிடையாது. தலையணையில் ஊசி குத்திப் பார்த்தோம், அப்புறம் நேரே மனிதர். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் சி.பி.ஆர். என்பது சுவரில் ஒட்டிய படம். முதல் தடவை நிஜத்தில் ஒருவர் மூச்சு நின்று கிடந்தபோது நான் ஓடிப்போய் எடுத்து வந்தது என்ன தெரியுமா? அவருடைய கேஸ் ஷீட். அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றேன். சீனியர் சிஸ்டர் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நெஞ்சில் கை வைத்தார். அவர் தள்ளிய இடம் இரண்டு நாள் வலித்தது, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. இப்போது வரும் பிள்ளைகள் எவரும் கேஸ் ஷீட்டை எடுப்பதில்லை. வந்ததும் நெஞ்சில் கை வைக்கிறார்கள். அந்த அளவுக்கு லேப் வேலை செய்கிறது.

அதிலும் ஒரு "ஆனால்" இருக்கிறது. சி.பி.ஆர். டம்மியில் 5 சென்டிமீட்டர் அழுந்தினால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். நிஜ நெஞ்சில் முதல் சில அழுத்தலிலேயே விலா எலும்பு முறியும் சத்தம் வரலாம், முதியவர்களிடம் பெரும்பாலும் வரும். ஒரு பிள்ளை அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள். டம்மியில் சத்தம் என்றால் சபாஷ். இங்கே சத்தம் என்றால் எதையோ உடைத்துவிட்டேன். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அவளுக்கு இரண்டும் வேறு என்று தெரியவில்லை. இப்போது சொல்லித்தான் அனுப்புகிறோம்: உடையும், நிறுத்தாதே.

மார்ச் 6, காலை 5.55

தூக்கம் கலைந்துவிட்டது, அதனால் ஒரு கிளைக்கதை.

அந்த சி.பி.ஆர். பொம்மைக்கு முகம் வந்த கதை. நார்வேயில் ஆஸ்முண்ட் லார்டல் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் 1960இல் செய்தது. பாரிஸில் சேன் ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும், பேர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சு அப்போது ஐரோப்பிய வீடுகளில் அலங்காரமாகத் தொங்கியது. அந்த முகத்தையே வைத்துவிட்டார். இத்தனை வருடமாக உலகம் முழுக்க மூச்சு ஊதிக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணின் வாயில். இதை வகுப்பில் சொன்னால் இரண்டு நாள் எல்லோரும் டம்மியை மரியாதையாகத் துடைத்து வைக்கிறார்கள். மூன்றாம் நாள் பழையபடி.

மார்ச் 6, இரவு 9.20

சரி, என் உண்மையான கட்சி. லேபில் கற்பது டம்மியிடம் நடப்பதைவிட, டம்மியை விட்டு எழுந்து வந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரும்போது நடக்கிறது. டீபிரீஃபிங் என்கிறோம். 10 நிமிட சிமுலேஷனுக்கு 20, 30 நிமிடப் பேச்சு. இது இல்லாத லேப் பொம்மைக் கொலு.

முதல் 3 வருடம் எனக்கு இது வரவே இல்லை. நான் செய்தது விசாரணை. "ஆக்ஸிஜன் 84க்கு இறங்கினது தெரிஞ்சும் ஏன் மாஸ்க் போடல?" பிள்ளை தலையைக் குனியும். "இனிமே போடணும், சரியா?" "சரி மேடம்." முடிந்தது டீபிரீஃபிங்.

அப்புறம் ஒரு பயிற்சியில் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கண்டதைச் சொல்வது, என் கவலையைச் சொல்வது, பிறகு உன் பக்கம் என்ன என்று கேட்பது. நம்பிக்கை இல்லாமல்தான் செய்து பார்த்தேன். "மானிட்டரில் 84 வந்ததும் நீ நிமிர்ந்து பார்த்தாய், திரும்ப மருந்து எடுக்கப் போய்விட்டாய். அந்த நேரத்தில் மூச்சை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். உன் மனதில் என்ன ஓடியது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வாய் வரைக்கும் வந்த பதிலை நானே சொல்லிவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் சொன்னாள்: "போன வாரம் விரல் கிளிப் லூசா இருந்து இப்படித்தான் காட்டிச்சு மேடம். நீங்களே அதை விடு, கண்டுக்காதேன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். கருவி பழுது, பாடம் நிற்க வேண்டாமே என்று சொன்னேன். ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளை அலாரத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கற்றுவிட்டாள். "ஏன் போடல" என்று இன்னும் 100 தடவை கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

மார்ச் 6, இரவு 9.40

படித்துப் பார்த்தால் மார்ச் 4 இடது கையும் இதுவும் ஒரே கதை. இரண்டிலும் நான் கொடுத்த பாடம் எனக்கே தெரியவில்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் பெருமை இல்லை.

மார்ச் 7, இரவு 10.10

சிமுலேஷன் என்றால் எனக்கு மிகவும் பிடித்த கதை நர்சிங்கில் இல்லை, நிலாவில் இருக்கிறது. அப்பல்லோ 11 கிளம்புவதற்குச் சில நாள்களுக்கு முன், 1969 ஜூலைத் தொடக்கம். தரைக்கட்டுப்பாட்டு அறைக்கு ஒத்திகை. ஒத்திகை மேற்பார்வையாளர் டிக் கூஸ், இறங்கும் நேரத்தில் கணினியில் 1201 என்ற எச்சரிக்கையைக் கிளப்பிவிட்டார். வழிகாட்டும் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. இறங்குவதைக் கைவிடச் சொன்னார். ஒத்திகைக்குப் பின் நடந்த பேச்சில் கூஸ் சொன்னது: கைவிட்டது தப்பு, கணினி தன் முக்கிய வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதன் பிறகு ஜாக் கார்மன் என்ற 24 வயதுப் பொறியாளர் எச்சரிக்கை எண்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று கையால் பட்டியல் எழுதி வைத்தார். ஜூலை 20 அன்று நிஜமாகவே இறங்கும்போது 1202 வந்தது, பிறகு 1201ம் வந்தது. இந்தத் தடவை சில விநாடிகளில் "போகலாம்" என்று பதில் போனது.

ஒத்திகையில் பேல்ஸ் சரியாகச் செய்திருந்தால் அந்தப் பட்டியலை யார் எழுதியிருப்பார்கள்? என் லேபில் எல்லாம் நன்றாக நடந்து, எல்லோரும் கைதட்டிக் கலைந்த நாள்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நாள்களில் யார் என்ன கற்றார்கள் என்று எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

மார்ச் 8, மாலை 7.00

ஆதாரம் கேட்டு ஒருவர் துளைக்கிறார். கதை எல்லோரும் சொல்லலாம், எண் எங்கே என்கிறார். நியாயம்.

2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு: நாட்டின் பல பகுதிகளிலிருந்து 10 நர்சிங் படிப்புகள், மாணவர்கள் மூன்று பிரிவு. மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் 10 சதவீதம் சிமுலேஷன், அடுத்ததற்கு 25, மூன்றாவதற்கு 50. படிப்பின் முடிவில் அறிவிலும் திறனிலும் உரிமத் தேர்வுத் தேர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வேலைக்குப் போன முதல் 6 மாதத்திலும் மேலாளர்கள் வித்தியாசம் காணவில்லை. எங்கள் ஆட்கள் இதை வெற்றி என்று கொண்டாடுவார்கள். 50 சதவீதக்காரர்கள் ஜெயிக்கவில்லை, தோற்கவில்லை, அவ்வளவே. அங்கே டீபிரீஃபிங் செய்தவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் மறந்துவிடுவார்கள்.

கழுத்திலும் மார்பிலும் இருக்கும் பெரிய சிரைகளில் குழாய் செருகும் வேலையில் இதைவிடத் தெளிவான எண் உண்டு. 2009இல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பயிற்சி மருத்துவர்களை, குறித்த தரத்தை எட்டும் வரை சிமுலேட்டரில் செய்யவைத்துவிட்டுத்தான் நோயாளியிடம் அனுப்பினார்கள். குழாய்வழித் தொற்று, நோயாளிகளுக்குக் குழாய் செருகியிருந்த 1000 நாளுக்கு 3.2 ஆக இருந்தது 0.5 ஆனது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அவசர நிலைக்குப் பொம்மை வைத்துப் பழக்கினார்கள். அப்படிச் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3க்கு இறங்கியது. அது 2008.

இந்த இரண்டிலும் கவனியுங்கள்: குறிப்பிட்ட ஒரே வேலை. முதலாவதில் தெளிவான அளவுகோலும் உண்டு, எட்டாதவரைத் திரும்பச் செய்யவைத்தார்கள். "வாரம் இரண்டு மணி நேரம் லேப்" என்று அட்டவணையில் போட்டால் இந்த எண் வராது.

மார்ச் 8, மாலை 7.25

வார்டு நேரம் மட்டும் தங்கமா என்ன. உங்களையே கேட்கிறேன். 8 பிள்ளைகள் வருகிறார்கள், கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள், ஒருத்தி பி.பி. பார்க்கிறாள், 7 பேர் சுவரைத் தாங்குகிறார்கள். அதையும் மணிக்கணக்கில்தான் கணக்கு வைக்கிறோம்.

மார்ச் 9, இரவு 8.50

டம்மி எவ்வளவு நிஜமாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு.

1759இல் பிரெஞ்சு அரசர் 15ஆம் லூயியின் ஆணையோடு ஊர் ஊராகப் போய் மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேடம் து கூத்ரே. அவருடைய "இயந்திரம்" துணியும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்த இடுப்பும் குழந்தையும்தான். எட்வின் லிங்க் 1929இல் செய்த விமானப் பயிற்சிப் பெட்டி அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளால் ஆடியது. ராணுவம் திரும்பிப் பார்க்கவில்லை, கேளிக்கைப் பூங்காக்காரர்கள் வாங்கினார்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் 6 பெட்டி வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நீலப் பெட்டியில் உட்கார்ந்து கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கக் கற்றார்கள். பார்க்கக் குழந்தைகள் ஏறி ஆடும் ராட்டின விமானம் போல இருக்கும்.

2012இல் மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஜெஃப் நார்மனும் உடன் இருவரும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இதய ஒலி கேட்பது, அறுவைக் கைத்திறன், அவசர சிகிச்சை எதிலும் எளிய கருவிக்கும் நுட்பமான கருவிக்கும் இடையே கற்றதில் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியே இல்லாததைவிட இரண்டும் மேல்.

எனவே கண் சிமிட்டும் டம்மி வாங்க அடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு. ஊசி குத்திப் பழக ஸ்பாஞ்சில் செய்த பட்டை போதும்.

மார்ச் 10, காலை 6.30

நேற்று எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். ஸ்பாஞ்சு போதும் என்று நான் எழுதிய அதே பக்கத்தில் இடது கைக் கதையும் இருக்கிறது. ஒத்துப்போகாத ஓர் அம்சம் ஆளைக் கவிழ்க்கும் என்று சொன்னதும் நான்தான்.

இன்னோர் உதாரணம்: இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்த பிறகு, 2019 மே மாதம், அந்த ரகத்துக்கான சிமுலேட்டர் மென்பொருளில் குறை இருந்ததை போயிங் ஒப்புக்கொண்டது. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கக் கையால் சுற்றும் டிரிம் சக்கரம் அதிவேகத்தில் எவ்வளவு இறுகிப்போகும் என்பது சிமுலேட்டரில் சரியாக வரவில்லை. கண்ணுக்கு எல்லாம் அச்சு அசல். கை உணர வேண்டிய கனம் மட்டும் இல்லை.

ஆகவே திருத்திய பதிப்பு: தோல் நிறம், கண் சிமிட்டல், குரல் எல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். எந்த இடத்தில் கை முடிவெடுக்கிறதோ அந்த இடம் பொய் சொல்லக் கூடாது. நீலப் பெட்டி பொம்மை போல இருந்தாலும் அதன் கருவி முட்கள் ஒழுங்காக ஆடின.

மார்ச் 11, இரவு 10.40

"டம்மிக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது" என்று கேள்வியில் இருந்ததே, அதை இத்தனை நாள் தாண்டிப் போய்விட்டேன். ஆள் வைத்துச் செய்கிறோம். நோயாளியாக நடிக்க மனிதரைப் பழக்குவதை அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இலேயே தொடங்கிவிட்டார். எங்களிடம் அழுகிற அம்மா உண்டு, கத்துகிற மகன் உண்டு (அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், நிஜத்தில் சாது, வேஷம் போட்டால் எனக்கே பயம்).

ஆனால் எனக்கு மிகவும் உதவுகிற வேஷம் டாக்டர் வேஷம். சக ஆசிரியர் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டு வேகமாக வருவார். "இன்சுலின் 50 யூனிட் போடுங்க" என்பார். சீட்டில் 5 என்று இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தப்பு என்று உடனே தெரிந்துவிடும், முகத்தில் தெரியும். வாய் வராது. ஒருத்தி மருந்துக் குப்பியைப் பார்த்தபடி, "அம்பதா சார்..." என்று இழுத்தாள். அவர் "ஆமா, சீக்கிரம்" என்றார். போட்டுவிட்டாள். பேச்சு முடிந்ததும் அவள் கேட்டது: "நான் கேட்டேனே மேடம்?"

கேட்டாள்தான். 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு ஓடுபாதையில் பனிமூட்டத்தில் கே.எல்.எம். விமானத்தின் பொறியாளரும் கேட்டார், எதிரே இருக்கும் விமானம் விலகிவிட்டதா என்று. கேப்டன் விலகிவிட்டது என்றார். இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானத்துறை, மூத்தவரிடம் எப்படிப் பேசுவது என்பதையே சிமுலேட்டரில் பழக்கத் தொடங்கியதற்கு அந்த விபத்து ஒரு பெரிய காரணம். பிறகு டேவிட் காபா போன்ற மருத்துவர்கள் அதை மயக்க மருத்துவத்துக்கு எடுத்து வந்தார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று படி வைத்திருக்கிறோம். "சார், எனக்குக் கவலையா இருக்கு." "சார், சீட்ல 5 இருக்கு, 50 போட எனக்குச் சம்மதமில்ல." "சார், இது நோயாளிக்கு ஆபத்து, நான் நிறுத்துறேன்." படிக்க எளிது. வாய்விட்டுச் சொல்ல முதல் தடவை ஒவ்வொருவருக்கும் குரல் நடுங்குகிறது, மூன்றாம் தடவை நடுங்குவதில்லை. இதை வார்டில் எங்கே, யாரிடம் பழகச் சொல்வீர்கள்? அதற்குள் மருந்து உள்ளே போய்விடுமே.

மார்ச் 11, இரவு 10.55

இழுத்துக் கேட்ட அந்தப் பெண் அடுத்த வாரம் திரும்ப வந்து மூன்றாம் படிவரை போனாள். கோட்டு போட்டவருக்கு அவள் முறைத்த முறைப்பில் வசனம் மறந்துவிட்டது.

மார்ச் 13, இரவு 9.15

நிறைய புகழ்ந்துவிட்டேன், குறையும் சொல்கிறேன். லேபுக்குள் நுழையும்போதே எல்லோருக்கும் தெரியும், ஏழாம் நிமிடத்தில் ஏதோ கெடப்போகிறது என்று. நிஜ வார்டில் அந்தத் தகவலை யாரும் தருவதில்லை.

2009 ஜனவரி 15, பறவை மோதி இயந்திரங்கள் செயலிழந்த விமானத்தை விமானி சல்லன்பெர்கர் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் விமானிகளைப் பறக்கவைத்தபோது, பறவை மோதிய உடனே திரும்பினால் கிளம்பிய லாகார்டியா விமான நிலைய ஓடுபாதையை எட்ட முடிந்தது. நிலைமையைப் புரிந்துகொள்ள மனிதருக்கு ஆகும் நேரம் என்று 35 விநாடி சேர்த்துச் செய்துபார்த்தார்கள், எட்டவில்லை. வார்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிப்பது இந்த 35 விநாடிக்காக என்றால், சிரிக்கலாம்.

நான் கண்டுபிடித்த கைவைத்தியம்: ஒன்றுமே நடக்காத சிமுலேஷன். டம்மி நன்றாக இருக்கிறது, அளவுகள் எல்லாம் சரி, 12 நிமிடமும் அப்படியே. முதல் தடவை வைத்தபோது நடந்ததைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். நாலாம் நிமிடம் ஆக்ஸிஜன் போட்டார்கள். ஆறாம் நிமிடம் கால்மாட்டை உயர்த்தினார்கள். எட்டாம் நிமிடம் ஒருவன் அவசரக் குழுவைக் கூப்பிட்டான். டம்மி, அதாவது மைக்கில் நான், "எனக்கு ஒண்ணுமில்லப்பா, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 14, காலை 6.05

சி.பி.ஆர். கை எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. 3 முதல் 6 மாதத்தில் மங்கத் தொடங்கும். வருடத்துக்கு ஒரு முழுநாள் வைப்பதைவிட, வார்டு மூலையில் ஒரு டம்மியைப் போட்டுவைத்து மாதம் இரண்டு நிமிடம் அழுத்தச் சொல்லலாம். உங்கள் வார்டில் மூலை இருக்கிறதா?

மார்ச் 16, இரவு 9.30

மூலை இருக்கிறதாம், டம்மியைக் கொடுத்தால் வைத்துக்கொள்கிறாராம். கட்சி மாறவில்லை என்றும் கூடவே எழுதியிருக்கிறார். மாற வேண்டாம், டம்மியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், பழையது ஒன்று சும்மா கிடக்கிறது.

இடது கை என்னவாயிற்று என்று இருவர் கேட்டிருந்தீர்கள். டம்மியின் கையை மாற்ற முடியவில்லை. ஆகவே சில நாள் இடது முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி ஃபிஸ்டுலா செய்கிறேன், சில நாள் கட்டுப் போட்டு மறைக்கிறேன், சில நாள் எதுவும் இல்லை. வலது கையில் பட்டை கட்டினால் டம்மி எந்த அளவும் காட்டாது, நான் ஒரு சீட்டில் 130/80 என்று எழுதிக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு இது கேவலமாகத் தெரிகிறது. இவ்வளவு பெரிய டம்மியை வைத்துக்கொண்டு சீட்டா மேடம் என்கிறார்கள்.

இன்று ஒருத்தி உள்ளே வந்தாள். பட்டையைக் கையில் எடுக்கும் முன் நின்றாள். இரண்டு சட்டைக் கைகளையும் மேலே தள்ளி, இரண்டு முன்கைகளையும் தடவிப் பார்த்தாள், இடது கையில் குழாய் தட்டுப்பட்டதும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கை அணைத்துவிட்டு "ஆ!" என்று கத்தினேன்.

மணிக்கட்டில் இருந்த பேர்ப் பட்டையை அவள் பார்க்கவே இல்லை. நான் வேண்டுமென்றே வேறு நோயாளியின் பேரை மாட்டி வைத்திருந்தேன். நாளை காலை 9 மணிக்கு நாற்காலி போட வேண்டும்.